வரட்சியும் கலகமும்: தாது வருடப் பஞ்சம் (1876–78) பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இயற்கை அனர்த்தங்களுக்கும் சமூகக் கிளர்ச்சிகளுக்குமிடையேயுள்ள தொடர்பு பற்றி வரலாற்றெழுத்தில் இரு கருத்துக்கள் நீண்டகாலமாக நிலவி வருகின்றன. மழை பொய்த்தாற் பசி தோன்றும். பசி முற்றினாற் சட்டமும் ஒழுங்கும் குலையும் என்பது முதலாவது. இது பெரும்பாலும் நிர்வாகிகளின் பார்வை. துன்பம் பெருகப் பெருக மக்களின் எதிர்ப்புணர்வும் பெருகும். பொறுமையின் எல்லை கடந்ததும் எழுச்சி தோன்றும் என்பது இரண்டாவது. இது முற்போக்காளர் பலரிடையே கேள்விக்குட்படாது வழங்கிவரும் நம்பிக்கை. ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றும் இவ்விரு கருத்துக்களும் பசியின் அளவே கிளர்ச்சியின் அளவு என்ற ஒரே எடுகோளின் மீது நிற்கின்றன.

இவ்வெடுகோள் இன்று புதிய வலுவைப் பெற்றுள்ளது. புவியின் வெப்பநிலை உயர்ந்துவரும் இக்காலத்தில், எதிர்காலக் கலகங்களையும் யுத்தங்களையும் காலநிலையைக் கொண்டே கணிக்க முயலும் ஆய்வுகள் பல வெளிவருகின்றன. 2011 இற் சிரியாவில் வெடித்த எழுச்சிக்கு அதற்கு முந்திய ஆண்டுகளின் கடும் வரட்சி முக்கிய காரணமாயிற்று எனச் சிலர் வாதிட்டனர். வேறு சிலர் அதனை மறுத்தனர். இத்தகைய விவாதங்களுக்கு அடிப்படையான வினாவை, தென்னாசியாவின் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒரு பஞ்சத்தைக் கொண்டு பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் மக்களின் நினைவில் ‘தாது வருடப் பஞ்சம்’ என நிலைத்துவிட்ட 1876–78 ஆம் ஆண்டுப் பஞ்சமே அது.

1. வானத்தின் மீது சுமத்தப்பட்ட பழி

பஞ்சம் உச்சநிலையிலிருந்த 1877 ஆம் ஆண்டில், வங்காளத்து நிர்வாகியும் புள்ளிவிபரவியலாளருமான டபிள்யூ. டபிள்யூ. ஹன்ரர், தென்னிந்தியாவின் வரட்சிச் சுழற்சி பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். சென்னையின் மழைவீழ்ச்சிப் பதிவுகளை ஆராய்ந்த அவர், சூரியனின் மேற்பரப்பிற் காணப்படும் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கொருமுறை கூடிக் குறைவதோடு மழையும் கூடிக் குறைகின்றது என வாதிட்டார். அதே காலப்பகுதியில், பொருளியலாளரான ஸ்ரான்லி ஜெவன்ஸ் வாணிப நெருக்கடிகளுக்குங்கூடச் சூரியப் புள்ளிகளிலே காரணங் கண்டார். சூரியனே காரணமெனின், வைஸ்றோயின் தானியக் கொள்கைக்கோ, நிலவரிக்கோ அதிற் பங்கிருக்க முடியாது. விஞ்ஞான ஆர்வத்திற் பிறந்த ஒரு விளக்கம், ஆட்சியாளருக்கு வசதியான விளக்கமாகவும் அமைந்தமை கவனிக்கத்தக்கது.

எனினும், இயற்கைக் காரணத்தை முற்றாக ஒதுக்கிவிடுதல் தவறாகும். 1876 இலும் 1877 இலும் பருவக்காற்று பொய்த்தமை உண்மை. இந்திய வானிலை அவதான நிலையத்தின் தலைவராயிருந்த கில்பேட் வாக்கர், இந்து, பசிபிக் சமுத்திரங்களின் மீதான வளிமண்டல அமுக்கம் ஊஞ்சல்போல மாறிமாறி ஏறியிறங்குவதை 1920களில் விபரித்தார். பசிபிக்கின் நீர் வெப்பமடையும் எல்-நினோ நிகழ்வுடன் இதற்குள்ள தொடர்பை 1969 இல் ஜேக்கப் பியக்னிஸ் விளக்கினார். 1877–78 ஆம் ஆண்டு நிகழ்வு, அறியப்பட்ட எல்-நினோக்களுள் மிக வலுவானவற்றுள் ஒன்றாகும். அதே ஆண்டுகளில் வட சீனத்திலும் வடகிழக்குப் பிறேசிலிலும் பெரும் பஞ்சங்கள் நிகழ்ந்தமை தற்செயலன்று. மைக் டேவிஸ் 2001 இல் வெளியிட்ட நூலில், இவ்வுலகளாவிய வரட்சியையும் ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தையும் இணைத்து நோக்கியுள்ளார்.

ஆயின், வரட்சி வேறு, பஞ்சம் வேறு. 1873–74 இல் வங்காளத்திலும் பீகாரிலும் மழை பொய்த்தபோது, சேர் றிச்சட் ரெம்பிளின் நிர்வாகம் பர்மா முதலிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 5 இலட்சம் தொன் அரிசியைத் தருவித்தது. பட்டினி மரணங்கள் மிகச் சொற்பமே. இதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று. அரச பணத்தை விரயஞ் செய்தாரென்ற கண்டனமே. மூன்றாண்டுகளின் பின்னர், அதே ரெம்பிளைச் சிக்கன நடவடிக்கைக்காகத் தெற்குக்கு அனுப்பினார் வைஸ்றோய் லிற்றன் பிரபு. ஒரே அதிகாரி, ஒரே அரசு. கொள்கை மாறியபோது வரட்சியின் விளைவும் மாறிற்று.

2. பஞ்சத்தின் இயல்பு

1876 இல் தென்மேற்குப் பருவமழையும் வடகீழ்ப் பருவமழையும் ஒருங்கே பொய்த்தன. சென்னை மாகாணத்தின் பல்லாரி, கர்நூல், கடப்பை, வட ஆர்க்காடு, சேலம், கோயம்புத்தூர் முதலிய மாவட்டங்களும், மைசூர் சமஸ்தானமும், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதிகளும் பெரிதும் பாதிக்கப்பட்டன. மடிந்தோர் தொகை பற்றிய மதிப்பீடுகள் வேறுபடினும், அது 50 இலட்சத்துக்கு மேற்பட்டதெனவே பெரும்பாலும் மதிப்பிடப்படுகின்றது. 1871 இல் ஏறத்தாழ 20 இலட்சமாயிருந்த சேலம் மாவட்டத்தின் சனத்தொகை, 1881 இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்திருந்தது.

எனினும், சென்னை மாகாணம் முழுவதும் தானியமற்றுப் போய்விடவில்லை. காவேரி, கோதாவரி, கிருஷ்ணா ஆகிய கழிமுகப் பகுதிகளின் நீர்ப்பாசன நிலங்கள் விளைந்தன. உயர்ந்த விலையால் அங்குள்ள நிலவுடைமையாளர் பயனும் பெற்றனர். புகையிரதம் தானியத்தைக் கொண்டுவந்தது. ஆனால் பசி மிகுந்த இடத்துக்கன்று, விலை கொடுக்க வல்ல இடத்துக்கே கொண்டுவந்தது. இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாவதும் நிறுத்தப்படவில்லை. சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் அரசு தானே தானியங் கொள்வனவு செய்ய முற்பட்டபோது, தனியார் வாணிபத்தில் தலையிடலாகாதென மத்திய அரசு தடுத்தது. 1877 ஜனவரி 1 ஆந் திகதி விக்ரோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாகப் பிரகடனஞ் செய்த தில்லித் தர்பார், இப்பஞ்சத்தின் நடுவிலேயே நிகழ்ந்தது.

மடிந்தவர் யாவர்? புன்செய்ப் பகுதிகளின் சிறு விவசாயிகள், நிலமற்ற கூலிகள், வாங்குவோரின்றித் தறியை நிறுத்திய நெசவாளர், தாழ்த்தப்பட்ட சாதியினரான பண்ணையாட்கள் ஆகியோரே. அமர்த்தியா சென் 1981 இல் எடுத்துக்காட்டியது போல, பஞ்சம் என்பது உணவு இல்லாமையைவிட, உணவைப் பெறும் உரித்து இல்லாமையையே பெரும்பாலும் குறிக்கும். இவ்வுரித்து எவ்வாறு பறிபோயிற்று என்பதை அறிந்தாலன்றி, மக்கள் எப்பொழுது எதிர்த்தனர், எப்பொழுது மௌனமாயினர் என்பதை விளங்கிக்கொள்ள முடியாது.

3. கலகத்தின் காலக்கிரமம்

பசியின் அளவே கிளர்ச்சியின் அளவாயின், மரணம் உச்சமடைந்த 1877 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே பெருங் கலகங்கள் நிகழ்ந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. தானியக் கலகங்கள் செறிந்து காணப்படுவது பஞ்சத்தின் தொடக்கத்தில், 1876 இன் இறுதி மாதங்களிலேயாகும். மழை தவறுமென உறுதியானதும் வியாபாரிகள் தானியத்தைப் பதுக்கினர். விலை குறுகிய காலத்தில் இரண்டு மூன்று மடங்காக உயர்ந்தது. மக்கள் சந்தைகளிற் கூடி, கடைகளைச் சூறையாடினர். ஊரைவிட்டுச் செல்லும் தானிய வண்டிகளை மறித்தனர். இக்கலகங்களை ஆராய்ந்த டேவிட் ஆர்னல்ட், இவை பட்டினியின் வெறிச்செயல்களல்ல, பஞ்சத்தை விவசாயிகள் விளங்கிக்கொண்ட முறையிலிருந்து பிறந்த செயல்கள் எனக் காட்டியுள்ளார்.

தமிழ்க் கிராமங்களில், மழை வேண்டிக் கொடும்பாவி கட்டி இழுக்கும் வழக்கம் உண்டு. பெரும் பாவியொருவனின் உருவத்தைச் செய்து, ஒப்பாரி வைத்துத் தெருவழியே இழுத்துச் செல்வர். மழையின்மையை ஒரு பௌதிக நிகழ்வாக அன்றி, அறப் பிறழ்வொன்றின் விளைவாகக் காணும் மனப்பாங்கு இதில் வெளிப்படுகின்றது. அறம் பிறழ்ந்தமையால் மழை பொய்த்ததெனின், தானியம் வைத்திருந்தும் தர மறுப்பவன் அப்பிறழ்வின் கண்முன்னான சாட்சி ஆகின்றான். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கும்பல்களை ஆராய்ந்த ஈ. பி. தொம்சன் 1971 இல் ‘அறப் பொருளாதாரம்’ எனக் குறித்தது இதனை ஒத்ததே. வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ தாது வருடப் பஞ்சத்தைப் பொருளாகக் கொண்ட நூலாகும். அதிற் குடிகள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிடுகின்றனர். இறைவனோ சிவகங்கைச் சமீன்தாருக்குத் திருமுகங் கொடுத்து அவர்களை அனுப்புகின்றார். தெய்வங்கூடப் புரவலனைக் கைகாட்டும் இவ்வங்கத நூலில், பஞ்சகாலத்திற் குடிகளைக் காக்கும் கடமை உடையவருக்குண்டு என்ற பழைய எதிர்பார்ப்பைத் தெளிவாகக் காணலாம்.

பஞ்சம் முற்றியபோது அந்த எதிர்பார்ப்பு அற்றுப்போனது. 1877 இல் நாம் காண்பது கலகமன்று, சிதறலே. குடும்பங்கள் கலைந்தன, கிராமங்கள் வெறுமையாயின, நகரங்களையும் நிவாரண முகாம்களையும் நோக்கி மக்கள் நடந்தனர். தனித்தனித் திருட்டுக்களும் கொள்ளைகளும் பெருகிச் சிறைகள் நிரம்பின. ஆனால், கூட்டுச் செயலுக்கு வேண்டிய உடல் வலுவும், அயலுறவும், முறையிடுவதற்கொரு புரவலனும் அப்பொழுது இருக்கவில்லை. சந்தையைச் சூழ்ந்து நிற்பதற்கு ஓர் ஊர் வேண்டும். அந்த ஊரையே பஞ்சம் கலைத்துவிட்டது.

இதற்கு விலக்குப்போலத் தோன்றும் நிகழ்ச்சியொன்று இக்கருத்தையே உறுதிப்படுத்துகின்றது. நிவாரண வேலைத்தலங்களிற் கடின உழைப்புக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென ரெம்பிள் விதித்தார். ‘ரெம்பிள் கூலி’ என வரலாற்றிற் பழிபெற்ற இவ்வளவை, சென்னை மாகாணச் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் மருத்துவ ஆதாரங்களுடன் எதிர்த்தார். பம்பாய்த் தக்காணத்திலோ 1877 இன் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைத்தலங்களை விட்டு வெளியேறினர். பூனா சார்வஜனிக் சபை அவர்களது குறைகளை எடுத்துரைத்தது. இவ்வேலைநிறுத்தம் பட்டினியின் உச்சத்திலன்றி, கூலி குறைக்கப்பட்ட வேளையில், ஒருங்கு திரண்டிருந்தவர்களிடையே, ஆதரவுக் குரலொன்று இருந்த இடத்திலே நிகழ்ந்தமை கருதத்தக்கது.

4. பசி மிகாத இடங்களின் கலகங்கள்

இப்பஞ்சத்தின் முன்னும் பின்னும் நிகழ்ந்த கிளர்ச்சிகளை ஒப்பு நோக்கின் மேலுமொரு உண்மை புலனாகும்.

1875 மே 12 ஆந் திகதி, பூனா மாவட்டத்துச் சூபா என்ற சந்தைக் கிராமத்தில் விவசாயிகள் வட்டிக்காரரின் கடைகளைத் தாக்கிக் கடன் பத்திரங்களையும் கணக்கேடுகளையும் தீயிட்டனர். கலகம் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவிற்று. தக்காணக் கலகங்கள் என அறியப்படும் இவை, பஞ்சம் தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்னரே நிகழ்ந்தவை. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தினால் (1861–65) ஏற்பட்ட பருத்தி விலையேற்றமும் அதன்பின் வந்த வீழ்ச்சியும், உயர்த்தப்பட்ட நிலவரியும், வட்டிக்காரர் கடன் கொடுக்க மறுத்தமையுமே அவற்றின் காரணங்கள். மறு ஆண்டில் அதே மாவட்டங்களை உண்மையான பஞ்சம் பீடித்தபோது, அத்தகைய பத்திர எரிப்பு அதே அளவில் மீண்டும் நிகழவில்லை.

1878 ஏப்ரிலிற் சூரத் நகரில், பஞ்சச் செலவை ஈடுசெய்ய விதிக்கப்பட்ட தொழில் உரிம வரிக்கெதிராகக் கலகம் நிகழ்ந்தது. அதில் முன்னின்றோர் நகரத்து வணிகரும் கைவினைஞருமேயன்றிப் பட்டினி கிடந்தோரல்லர். 1879 இல் மகாராட்டிரத்திற் கிளர்ச்சி செய்த வாசுதேவ் பல்வந்த் பட்கே, பூனாவில் அரச எழுதுவினைஞராயிருந்த பிராமணர். பஞ்சத்தின் காட்சிகளால் உந்தப்பட்ட அவர், ராமோசிகளைத் திரட்டிச் செல்வரைச் சூறையாடினார். அவ்வாண்டு ஜூலையிற் பிடிபட்டு, ஏடனுக்கு நாடுகடத்தப்பட்டு, 1883 இல் அங்கு இறந்தார். சென்னை மாகாணத்திலேயே 1879 மார்ச்சில் வெடித்த பெருங் கிளர்ச்சி, பல்லாரியிலோ கர்நூலிலோ அன்றி, கோதாவரி மாவட்டத்து ரம்பா மலைப்பகுதியிலே தோன்றிற்று. மலைவாசிகளின் கள்ளிறக்கும் உரிமை மீதான புதிய வரி, ரம்பா மன்சப்தாரின் கொடுமைகள், நீதிமன்றங்களைக் கருவியாகக் கொண்ட வியாபாரிகளின் சுரண்டல் என்பனவே அதன் காரணங்கள்.

ஆகவே, மரணத்தின் வரைபடமும் கலகத்தின் வரைபடமும் ஒன்றன்மீதொன்று பொருந்தவில்லை. மிகுதியாக மடிந்தோர் மிகுதியாகக் கிளர்ந்தெழவில்லை. கிளர்ந்தெழுந்தோர் பெரும்பாலும் இழப்பதற்கு இன்னும் ஏதோ உடையவராகவும், ஒருங்கு கூடத்தக்க உறவுகளைப் பேணியவராகவும் இருந்தனர். வரட்சி ஒரு சமூகத்திலுள்ள முரண்பாடுகளை வெளிக்கொணரலாம், அவற்றைத் தோற்றுவிப்பதில்லை.

5. கலகத்துக்குப் பதிலாகப் பெயர்ச்சி

கிளர்ந்தெழ முடியாதவர்களுக்குத் திறந்திருந்த மற்றொரு வழி கடல்கடந்த பெயர்ச்சியாகும். பஞ்ச ஆண்டுகளிற் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிற குடியேற்ற நாடுகளுக்கும் சென்றோர் தொகை பெருகிற்று. இலங்கையைப் பொறுத்தவரை இத்தொடர்பு நேரடியானது. இங்கு கோப்பிப் பயிர்ச்செய்கை, 1869 முதல் இலைநோயால் தாக்கப்பட்டிருந்தபோதிலும், உயர்ந்த விலையின் துணையால் இன்னும் விரிவடைந்துகொண்டிருந்தது. கங்காணிமார் முன்பணங் கொடுத்துத் திரட்டிய கூட்டங்கள், மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வடபாதையிற் கால்நடையாகவே சென்றன. வழியில் மடிந்தோர் பலர். அரைப்பட்டினியிற் புறப்பட்டவர்களுக்குக் கூலியைப் பற்றிப் பேரம் பேசும் வலுவேது?

பஞ்சம் இவ்வாறு இரு கரைகளிலும் பயன்பட்டது. அக்கரையில், கிளர்ச்சியாகத் திரண்டிருக்கக்கூடிய மனித சக்தியை வெளியேற்றிற்று. இக்கரையில், மலிவான உழைப்பாக அதனைச் சேர்த்தது. வேலையை விட்டுச் செல்வதைக் குற்றமாக்கிய 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், கங்காணியிடம் பெற்ற கடனும், அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தன. பரந்த அளவிலான தொழிற்சங்கப் போராட்டங்கள் மலையகத்தில் 1939–40 காலப்பகுதியிலேயே தோன்றின; 1940 ஜனவரியில் முல்லோயாவிற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஒரு தொழிலாளி பலியானார். அவ்வெழுச்சிக்குக் காரணம் அக்காலத்துப் பட்டினி 1877 ஐ விடக் கடுமையாயிருந்தமையன்று. நிலைபெற்ற ஒரு சமூகமும், சங்கமும், உரிமை பற்றிய மொழியும் அதற்குள் உருவாகியிருந்தன.

தாது வருடப் பஞ்சத்தின் கொடுமையை உலகறியச் செய்தவருள் ஒருவரான வில்லியம் டிக்பி, முன்னர் கொழும்பில் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகையின் துணையாசிரியராயிருந்தவர். 1877 இற் ‘மெட்ராஸ் ரைம்ஸ்’ ஆசிரியராகிய அவர், மறு ஆண்டிலேயே இப்பஞ்சம் பற்றி இரு தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். கலகஞ் செய்ய இயலாதவர்களின் சாட்சியம் இத்தகையோரின் எழுத்துக்களின் வழியாகவே பெரும்பாலும் நமக்குக் கிட்டுகின்றது. சாட்சியத்தின் இவ்வருமை, மக்களின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாகாது என்பதை ஆய்வாளருக்கு நினைவூட்டல் வேண்டும்.

6. 1918: ஓர் ஒப்பீடு

நாற்பதாண்டுகளின் பின்னர், 1918 இல் இந்தியாவின் பருவமழை வழமையிலும் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்தது. உலக யுத்தத்தினால் விலைகள் ஏற்கனவே உயர்ந்திருந்தன. சென்னை மாகாணத்தில் அவ்வாண்டு நூற்றுக்கும் மேற்பட்ட தானியக் கலகங்களும் சூறையாடல்களும் நிகழ்ந்தன. செப்டெம்பரிற் சென்னை நகரமே அவற்றுக்குட்பட்டது. பட்டினியால் மட்டும் மடிந்தோரைக் கருதின் 1918 ஐ 1877 உடன் ஒப்பிடவே முடியாது. அவ்வாண்டின் பெருமரணத்துக்குக் காரணம் இன்புளுவன்சாக் காய்ச்சல். எனினும், கலகம் 1918 இலேயே பரந்து காணப்பட்டது.

காரணம் வெளிப்படை. ஆலைத் தொழிலாளர் என்ற புதிய வர்க்கம் நகரிலே திரண்டிருந்தது. அவ்வாண்டு ஏப்ரிலிலேயே சென்னைத் தொழிற்சங்கம் தோன்றியிருந்தது. கூலி பெறுவோராகவும் சந்தையில் உணவு வாங்குவோராகவும் இருந்த அவர்களுக்கு, விலையேற்றத்தின் பொறுப்பாளி வானமன்று, வியாபாரியும் அரசுமே என்பது தெளிவாயிருந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை நாம் பெறலாம். முதலாவது, வரட்சியிலிருந்து கலகத்துக்கு நேர்வழியில்லை. இடையிலே நிலவுடைமை, கடன், சந்தை, வரி, அரசின் நிவாரணக் கொள்கை என்பன நிற்கின்றன. இரண்டாவது, பஞ்சகாலக் கிளர்ச்சி பசியின் உச்சத்திலன்றி, உரித்தென மக்கள் கருதியதொன்று கண்முன்னே மறுக்கப்படும் தருணத்திலேயே தோன்றுகின்றது. தானியம் கடையிலிருந்தும் விலை ஏறும்பொழுது, உழைப்பு மாறாதிருந்தும் கூலி குறைக்கப்படும்பொழுது, அது வெடிக்கின்றது. மூன்றாவது, மிகக் கொடிய அனர்த்தம் கூட்டுச் செயலின் அடித்தளத்தையே அழித்துவிட வல்லது. துன்பம் தானாகவே விடுதலையைப் பிரசவிக்கும் என்ற நம்பிக்கைக்கு இவ்வரலாறு இடந்தரவில்லை.

1880 இல் அறிக்கையிட்ட பஞ்ச ஆணைக்குழுவும், அதனையொட்டி எழுந்த பஞ்ச விதித்தொகுதிகளும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தின. ஆனால் நிலவுடைமையையும் தானிய வாணிபத்தையும் அடிப்படையில் மாற்றவில்லை. 1896–97 இலும் 1899–1900 இலும் பஞ்சம் மீண்டும் வந்தது.

காலநிலை மாற்றத்தால் வரட்சியும் வெள்ளமும் மேலும் கடுமையாகும் என்பதில் இன்று விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடில்லை. இந்நிலையிற் கலகத்தைக் குறித்து அஞ்சி, வறிய நாடுகளின் காலநிலையைப் பாதுகாப்புப் பிரச்சினையாகக் காணும் ஆய்வுகள், ஹன்ரரின் சூரியப் புள்ளிகளைப் போலவே, பொறுப்பை மீண்டும் வானத்துக்கு மாற்றிவிடக்கூடும். கலகம் நிகழாத இடங்களையும் நாம் நோக்குதல் வேண்டும். 1877 ஆம் ஆண்டின் தென்னிந்தியா ஆட்சியாளரின் ஏடுகளிற் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது. அந்த அமைதிக்குட்பட்டே 50 இலட்சம் பேர் மடிந்தனர் என்பதை வரலாற்றாசிரியர் மறத்தலாகாது.